நம்ம குடும்பம் மட்டும்

அந்தமான் கடலில் இறங்குமுன் கோமதி தன் நீச்சல் கண்ணாடியில் ‘நம்ம குடும்பம் மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள். இனிக் கைப்பட்டை கட்டிய தன் வீட்டார் மட்டுமே நீருக்குள் தெரிவார்கள். மற்ற கூட்டத்தையெல்லாம் கண்ணாடி பாசியாகவும் மீனாகவும் மாற்றிக் காட்டிவிடும். செத்து வெளுத்த பவளப்பாறைக்கும் அதுவே நிறம் பூசும்.

எட்டு வயது நிறைமதி சிணுங்கினாள். "பட்டை அறுக்குதும்மா."

பட்டைக்கு அடியில், குலசாமி கோயிலில் மந்திரித்துக் கட்டிய சிவப்புக் கயிறு தோலில் பதிந்திருந்தது. கயிற்றை அவிழ்க்கக் கோமதிக்கு மனம் வரவில்லை. பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"இப்ப சரியாப் போச்சா? அப்பா கைய விட்ராத."

நீருக்குள் மஞ்சள் மீன்கள் கூட்டங்கூட்டமாகப் போயின. வேற்று ஆள் ஒருவர்கூட இல்லை. கடலையே தங்களுக்கென்று எழுதி வைத்த மாதிரி இருந்தது. திடீரென்று காலில் ஏதோ சுற்றியது. குனிந்து பார்த்தாள். பச்சைப் பாசிதான். பிடி இறுகவும் அருவருப்போடு உதைத்துத் தள்ளினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, சற்றுத் தள்ளி அவள் கணவன் சங்கரபாண்டி தலையை நீட்டிக் கத்தினான். "புள்ள ஒங்கிட்ட வந்துட்டாளா? கைய உருவிக்கிட்டு ஒன்னத் தேடித்தான் வந்தா!"

கோமதி கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூழ்கினாள். சாம்பல் நிறத்தில் தரை. எங்கு பார்த்தாலும் யார் யாருடைய கால்களோ. அவற்றுக்கு நடுவே, அவள் உதைத்த இடத்திலேயே, நிறைமதி அசையாமல் கிடந்தாள். மணிக்கட்டில் கயிறு பத்திரமாக இருந்தது.