சிவப்புக் கொடி

அலை அடிக்காமல் தண்ணீர் படுத்துக் கிடக்கும் இடத்தில்தான் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் ஓடும். அது தினமும் இடம் மாறும். உயிர்காப்பாளர் நிமலராஜ் அதைத் தேடிப் பிடித்து, அங்கே யாரும் இறங்காதிருக்கச் சிவப்புக் கொடி நடுவார். அன்றும் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். இடத்தை அடைந்து திரும்பிப் பார்த்தால், பின்னால் நாற்பது பேர் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.

“என்ர பின்னால ஏன் வாறியள்?”

முன்னால் வந்த பெண் சிரித்தாள். “கைடு சாப்பாடு வாங்கப் போயிட்டாரு. சிவப்புக் கொடிய மட்டும் விட்டுடாதீங்கன்னு பஸ்ஸுலயே சொல்லியிருக்காரு. நீங்க அவரு ஆளுதானே?”

“ஐயோ, இது அந்தக் கொடி இல்லை அம்மா! இஞ்ச இறங்கினா கடல் இழுத்துப்போடும். அங்கால போங்கோ!”

அவளுக்குக் கேட்டது. நின்றுவிட்டாள். காற்றின் இரைச்சலில் பின்னால் வந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அலையில்லாத தண்ணீரைக் கண்ட மகிழ்ச்சியில் அவளைத் தாண்டிப் போய்ச் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

“வேண்டாம்! வேண்டாம்!” என்று கத்தியபடி நிமலராஜ் கொடியை உயர்த்தி ஆட்டினார்.

பஸ் அருகே இளநீர் குடித்துக்கொண்டிருந்த மிச்சப் பேரும் அதைக் கண்டு ஓடிவரத் தொடங்கினார்கள்.