மூன்றாவது நோட்டீஸ்

"உன் தம்பி கையெழுத்து அழகா இருக்கு" என்றார் கணவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். தம்பியேதான். பெயருக்குக் கீழே பதவி. அதற்கும் கீழே வாட்டர் ஹீட்டர் கம்பெனியின் முத்திரை.

"என்ன எழுதியிருக்கான்?"

"நான் திருடனாம்."

கணவர் ஹீட்டர் ரிப்பேர் செய்கிறவர். கழற்றிப் பார்த்ததையெல்லாம் ஒரு சின்ன இணையதளத்தில் எழுதி வைப்பார். அந்தக் கம்பெனியின் புது ஹீட்டரில் எர்த் ஒயர் தானாகக் கழன்றுகொள்கிறது, தண்ணீரில் கை வைத்தால் ஷாக் அடிக்கலாம் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த ஒரு பெண், குழந்தையைக் குளிப்பாட்டப் போனவள் உடனே ஸ்விட்சை அணைத்துவிட்டதாகக் கீழே பதில் போட்டிருந்தாள்.

கம்பெனி அதைப் பொய் என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ஒயரிங் படம் தங்கள் கையேட்டில் இருப்பது, காப்பிரைட் மீறல் என்று மட்டும் சொல்லித் தேடுபொறி நிறுவனத்துக்கு முதல் நோட்டீஸ் அனுப்பியது. தேடுபொறி நிறுவனம் ஒன்றும் விசாரிக்காமல், தேடினால் அந்தப் பக்கம் வராதபடி செய்துவிட்டது. கணவர் படத்தை எடுத்துவிட்டு, தானே பென்சிலால் வரைந்து புதுப் பக்கமாகப் போட்டார். அதையும் தேடலில் வராமல் செய்ததுதான் இந்த இரண்டாவது நோட்டீஸ்.

"நீங்க கையால வரைஞ்சதுமா அவங்களுது?"

"ஒயர் அவங்களுதாம். விட்டா கரண்டும் அவங்களுதும்பாங்க."

"இப்ப என்ன ஆகும்?"

"இன்னொரு நோட்டீஸ் வந்தா என் தளத்தையே மொத்தமாத் தூக்கிடுவாங்க. அப்புறம் யார் தேடினாலும் கிடைக்காது."

அவள் போனை எடுத்தாள்.

"ஆட்டைக் கடிச்சு மாட்டைக் கடிச்சு, கடைசியில உன் மாமாவையே கடிச்சுட்டியாடா?"

"அக்கா, என்னை இந்த செக்‌ஷனுக்கு மாத்தின அன்னைக்கே ஒரு கட்டு பேப்பரை நீட்டினாங்க. படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

"படிக்காம போடறதுக்கா உன்னை அவ்வளவு படிக்க வெச்சோம்?"

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உட்காரச் சொல்லவில்லை. கணவர்தான் நாற்காலியில் கிடந்த ஸ்க்ரூடிரைவர்களை ஒதுக்கினார்.

"உட்காரு மச்சான். காப்பி மட்டும் கேட்டுடாதே. அந்த வார்த்தையே இந்த வீட்டுல இப்ப ஆகாது."

அவன் சிரிக்கவில்லை. மாமாவின் பக்கத்தைத் திரையில் முதலிலிருந்து கடைசிவரை படித்தான். குளிப்பாட்டப் போன பெண்ணின் பதிலையும் படித்தான்.

"நிஜமாவே கழலுதா மாமா?"

கணவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ஹீட்டரை இழுத்து, மூடியைத் திறந்து, விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பச்சை எர்த் ஒயர் நழுவித் தொங்கியது.



"நாளைக்கு மூணாவது நோட்டீஸ் போகுது" என்றான் தம்பி. "அதையும் நான்தான் அனுப்பணும்."

சமையலறையில் ஒரு பாத்திரம் ணங்கென்று விழுந்தது. அக்கா வெளியே வந்தாள்.

"முடியாதுன்னு சொல்லேன்டா!"

"நான் முடியாதுன்னா பக்கத்து சீட்டுக்காரர் அனுப்புவார்."

"எவனோ அனுப்பிட்டுப் போறான். என் தம்பி அனுப்ப வேண்டாம்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் நோட்டீஸ் போனது. அதில் அவன் கையெழுத்துதான் இருந்தது. அக்கா அவன் எண்ணிலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் கணவர் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இங்க வா. உன் தம்பி அடிச்ச கூத்தைப் பாரு."

நோட்டீஸில் இரண்டு கட்டங்கள் உண்டு. அசல் எந்தப் பக்கம், நகல் எந்தப் பக்கம் என்று நிரப்ப வேண்டும். தம்பி இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தான். கணவர் எழுதியதுதான் அசலாம். கம்பெனி ஹீட்டர் விற்கும் பக்கம் அதைப் பார்த்து அடித்த நகலாம். கம்பெனியே முத்திரை குத்திச் சொல்லியிருந்தது.

தேடுபொறி நிறுவனம் வழக்கம்போல ஒன்றும் விசாரிக்கவில்லை. கம்பெனியின் பக்கத்தைத் தூக்கிவிட்டு, கணவரின் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அசலுக்குச் சொந்தக்காரர் என்று அவருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தது. இப்போது அந்த ஹீட்டரின் பெயரைத் தேடினால் முதலில் வந்து நின்றது பென்சில் படம்.

"சின்ன வயசுல சட்டையைக்கூடத் திருப்பித்தான் போடுவான்" என்று அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ, அவன் வேலை?"

வேலை போய்விட்டிருந்தது. தம்பி வந்தபோது அக்கா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ரொம்பத் திட்டினாங்களாடா?"

"முதல்ல திட்டினாங்க. அப்புறம் கெஞ்சினாங்க. நோட்டீஸை வாபஸ் வாங்கணும்னா, 'தவறுதலா மாத்திப் போட்டுட்டேன்'னு கையெழுத்துப் போட்டவனே எழுதிக் கொடுக்கணுமாம். எழுதிக் கொடுத்தா வேலையும் இருக்கும்னாங்க."

"ஒரு வரிதானேடா! எழுதிக் கொடுத்துட்டு வர வேண்டியதுதானே?"

தம்பி அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"தவறுதலா மாத்தலையே அக்கா."