வீடு பார்க்க வந்த எட்டாவது ஆள்

“என்னங்க, வாசல்ல ஆள் வந்தாச்சு! கூடத்துல வாளி வெச்சீங்களா?”

“வெச்சு, பாதி தண்ணியும் ஊத்திட்டேன். நீ சுவர்ல டீத்தண்ணி தடவினியா?”

“தடவியாச்சு. பார்த்தா பத்து வருஷமா ஊறின ஈரம் மாதிரியே இருக்கு. நீங்க இருமினா போதும், குழாயை நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குள் இருக்கும் தண்ணீர் வால்வைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் மனைவி.

பதினோரு வருடமாக அந்த வீட்டில் குடியிருக்கிறார் வரலாற்று வாத்தியார். வீட்டுக்காரர் திடீரென்று விற்கக் கிளம்பிவிட்டார். “முழுப் பணத்தோட யார் முதல்ல வர்றாங்களோ, வீடு அவங்களுக்குத்தான்” என்று கறாராகச் சொல்லியும் விட்டார். வாத்தியாரும் பேங்க்கில் கடனுக்கு எழுதிப் போட்டிருந்தார். அது கைக்கு வரும்வரை வேறு யாரும் கொத்திக்கொண்டு போகக் கூடாதே! காலை வெயில் அடுப்பு மேடை வரைக்கும் வரும் அந்தச் சமையலறையை விட்டுப் போக வேண்டும் என்று நினைத்தாலே மனைவிக்குக் கண் கலங்கிவிடும். அதற்காகத்தான் இத்தனை கூத்தும்.

இதுவரை ஏழு பேரை ஓட விட்டாயிற்று. நேற்று போன் செய்து, “நாளைக்குப் பத்து மணிக்கு வீடு பார்க்க வர்றோம்” என்று யாரோ சொன்னபோது, “தாராளமா வாங்க” என்று மனைவி உற்சாகமாகவே சொல்லிவைத்தாள்.

வந்தவர் கண்ணாடி போட்ட, சாதுவான மனிதர். கையில் ஒரு நோட்டு.

“உள்ள வாங்க சார். வாளியைத் தாண்டி வாங்க. ஒழுகுது” என்றார் வாத்தியார்.

“இப்ப மழையே இல்லையே சார்?”

“அதான் சார் எங்களுக்கும் புரியல!”

கண்ணாடிக்காரர் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறார், ஒரு பையனும் தானாக நோட்டைத் திறந்ததில்லை.

“எழுதிக்கங்க சார். வீடு வாங்குறவங்க வெயில்ல வந்து பார்க்கக் கூடாது, மழையில வந்து பார்க்கணும். இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டுப் பார்த்தார். “ஈரமாத்தான் இருக்கு.”

“இங்க தட்டிப் பாருங்க. உள்ளே ஒண்ணுமே இல்லை. கதவு நிலையில ஓட்டை தெரியுதா? கரையான்!”

அது போன ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரே ஆணி வைத்து அடித்த ஓட்டை.

“அடுத்தது தண்ணி. எந்த வீட்டுக்குப் போனாலும் குழாயைத் திறந்து, ஒரு நிமிஷம் பக்கத்துலயே நின்னு பார்க்கணும்” என்றபடி கூடத்திலிருந்த குழாயைத் திறந்துவிட்டு, “லொக்” என்று இருமினார். கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நூலாக மெலிந்து நின்றுபோனது.

“அடடா!” என்று அதையும் எழுதிக்கொண்டார் கண்ணாடிக்காரர்.

“மாசத் தவணை சம்பளத்துல மூணுல ஒரு பங்கைத் தாண்டவே கூடாது. மூணுல ஒரு பங்கு. எழுதிட்டீங்களா? வட்டி ஏறினாலும் தாங்குமான்னு முன்னாடியே போட்டுப் பார்க்கணும். பேங்க்ல கடன் கொடுக்கறாங்கங்கிறதுக்காக நல்ல வீடுன்னு நம்பிடாதீங்க.”

“ரொம்ப சரி சார். பத்திரமெல்லாம் எப்படி?”

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். “எனக்குத் தெரிஞ்சு வீட்டுக்காரரோட அண்ணன் தம்பி நாலு பேர். அதுல ஒருத்தர் கையெழுத்து இருக்கான்னே சந்தேகம்.”

வீட்டுக்காரர் ஒரே பிள்ளை.

கண்ணாடிக்காரர் இரண்டு பக்கத்தை நிரப்பிவிட்டு நோட்டை நீட்டினார். “நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். சரியா இருக்கான்னு பார்த்துக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

நோட்டைக் கண்டால் வாத்தியாரின் கை சும்மா இருக்காது. ஓரிடத்தில் விட்டுப்போன ‘கரையான்’ என்ற சொல்லைத் தானே எழுதிச் சேர்த்து, சரி என்று ஒரு குறி போட்டு, தேதியோடு கையெழுத்தும் போட்டார். எட்டாவது ஆளும் ஒழிந்தான் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

“கையெல்லாம் சுண்ணாம்பு. கழுவிக்கட்டுமா?”

“தாராளமா! இப்ப வரும். ஆனா எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது” என்று சமையலறைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார் வாத்தியார்.

கண்ணாடிக்காரர் குழாயைத் திறந்து, கை நிறைய சோப்பைக் குழைத்துக்கொண்டே நெகிழ்ந்துபோய்ப் பேசினார்.

“இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பார்க்கறேன் சார். நான் வரேன்னு தெரிஞ்சாலே விரிசல் மேல காலண்டரை மாட்டுவாங்க, ஈரத்தை பீரோவால மறைப்பாங்க. ஒண்ணு விடாம குறையைச் சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்த யோக்கியர் நீங்க ஒருத்தர்தான்.”

“இருபத்திரண்டு வருஷமா வீடு பார்க்கறீங்களா? இன்னுமா ஒண்ணும் அமையல?”

“எனக்கு எதுக்கு சார் வீடு? உங்க கடன் விண்ணப்பத்துக்கு இந்த வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லி, பேங்க்ல என்னை அனுப்பியிருக்காங்க.”

வாத்தியாருக்குப் புரையேறி “லொக், லொக்” என்று இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது, உள்ளே மனைவி கடமை தவறாமல் வால்வை இறுக்கி மூட, கை நிறைய நுரையோடு நின்ற கண்ணாடிக்காரர், “நீங்க சொன்னது ஒண்ணுகூடப் பொய்யில்லை சார்!” என்றார்.