ஒரு முழம் தள்ளி

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. என் மகளின் வேலைக்கான நேர்காணல் கணினித் திரையில் தொடங்கிய நொடியில், நகராட்சி ஆட்கள் எங்கள் தெருவின் இணையக் கேபிளைக் கடப்பாரையால் துண்டித்துவிட்டார்கள். செல்பேசிக் கோபுரத்துக்கும் அதே கேபிள் என்பதால் செல்பேசியும் ஊமையாயிற்று.

இவ்வாறு எவரும் தோண்டித் தொலைக்கக் கூடாது என்பதற்காகவே, மண்ணுக்கடியில் செல்லும் கேபிள்களைத் தெருத்தெருவாக அலைந்து குறித்து, யாவரும் காணுமாறு இணையத்தில் வரைபடமாக ஏற்றியவள் அவள். அதைக் கண்டுதான் இந்த வேலைக்கே அவளை அழைத்திருந்தார்கள்.

செருப்புகூட அணியாமல் தெருவுக்கு ஓடினேன்.

"ஏம்ப்பா, கேபிள் எங்கே போகுதுன்னு வரைபடத்துல புள்ளி வச்சிருக்கே. அதைப் பார்க்க மாட்டீங்களா?"

மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "பார்த்துத்தான் சார் தோண்டினோம். புள்ளி வச்ச இடத்துலயேதான் குழி. ஒரு அங்குலம்கூடப் பிசகலை."

"தெரிஞ்சேவா வெட்டினீங்க?"

பின்னாலேயே வந்த மகள் கேட்டாள்: "அண்ணே, குழி எதுக்கு?"

வண்டியில் சாய்த்திருந்த இரும்புப் பலகையை மேஸ்திரி திருப்பினார். "இதை நடுறதுக்குத்தாம்மா. புள்ளி இருக்கிற இடமெல்லாம் ஒண்ணு நடச் சொல்லி உத்தரவு."

‘கீழே இணையக் கேபிள் செல்கிறது. தோண்டாதீர்.’

மகள் இருமுறை படித்தாள். "பிழையில்லாமத்தான் எழுதியிருக்காங்கப்பா," என்றாள்.

அவளுடைய நேர்காணல் போனது போனதுதான். அடுத்த பலகை உங்கள் தெருவுக்கு வருகிறது. தயவுசெய்து வாசலில் வந்து நில்லுங்கள். ஒரு முழம் தள்ளி நடச் சொல்லுங்கள்.