மிதக்கும் கல்யாண மண்டபம்

"கப்பலா? அது கப்பல் இல்ல மாப்ள, மெதக்கற கல்யாண மண்டபம்!"

ஸ்பீக்கரில் போட்டிருந்த கைபேசியைப் பார்த்துக் கடகடவென்று சிரித்தார் துரைக்கண்ணு. திருத்தணி தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் அடுத்தவர் மனுவில் குறை கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர். இப்போது மனு எதுவும் வருவதில்லை. அதனால் கண்ணில் படுவதையெல்லாம் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க மாமா" என்றான் அரக்கோணத்திலிருந்து பேசிய மருமகன் தணிகைவேல். "உங்களுக்கும் அத்தைக்கும் டிக்கெட்டே போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை சென்னை ஹார்பர்ல ஏறினா, கடலுக்குள்ள ஒரு ரவுண்டு போய்ட்டு ஞாயித்துக்கிழமை எறங்கிடலாம். சாப்பாடு, பாட்டு, நீச்சல் கொளம், எல்லாம் உள்ளயே இருக்கு."

"கடல பாக்கப் போயி எவனாவது நீச்சல் கொளத்துல குளிப்பானா? எதிர் வீட்டு விஜயராகவன் போய்ட்டு வந்து வாட்ஸப்புல போட்டோ போட்டான் பாருங்க! பூப்போட்ட சட்ட, ஓலத் தொப்பி, கம்பியாண்ட நின்னுகினு ரெண்டு கையையும் விரிச்சிகினு... சோளக்கொல்ல பொம்ம தோத்துடும். சோத்துக்குத் தட்டத் தூக்கிகினு கியூவாம். சாயங்காலம் ஆனா டான்ஸாம். ஆடறது பூரா சக்கர வியாதிக்காரங்க!"

தாய் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்த மகள் மோனிகா குறுக்கே புகுந்தாள். "நைனா, போகாமலே இவ்ளோ பேசறியே, போய்ட்டு வந்துதான் பேசேன்."

"உன்னத் தனியா உட்டுட்டா?"

"நான் இன்னா பாப்பாவா? பக்கத்து வீட்டு தமயந்தி அக்கா துணைக்கு வந்து படுத்துக்கும்."

"அதெல்லாம் சரிப்படாது. மாப்ள, கேன்சல் பண்ணிடுங்க."

"மாமா, மாமா..." என்று மறுமுனையில் பதறினான் தணிகைவேல். மோனிகாவின் முகமும் வாடிவிட்டது. அதுவரை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிர்மலா மட்டும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கல்யாணமாயி இருபத்தேழு வருஷம் ஆச்சு. மெரினாவுல முட்டி நனையற வரைக்கும்தான் எனக்குக் கடல் தெரியும். அதுக்கு மேல போனா சேல நனையும்னு நீங்க கையப் புடிச்சி இழுத்துட்டீங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் அவரைக்காயை எடுத்துக்கொண்டாள்.

துரைக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. மனைவி வாய்விட்டுக் கேட்டு எதை வாங்கிக் கொடுத்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"சரி சரி, போட்டதுதான் போட்டுட்டீங்க" என்று இறங்கி வந்தார். "ஆனா நான் வெள்ளச் சட்ட வேட்டியிலதான் வருவேன். ஆட்டம் பாட்டம்னு எவனாவது என்னைக் கூப்ட்டான், அவ்ளோதான்."

"நீங்க போனா போதும் மாமா!" என்று கத்தியே விட்டான் தணிகைவேல்.

கப்பலில் முதல் நாள் முழுக்கக் குறைதான். கேசரியில் முந்திரி கம்மி, அறையில் ஜன்னல் சின்னது, பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நிர்மலா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் மாலை மேல்தளத்தில் டான்ஸ் தொடங்கியது. பூப்போட்ட சட்டை போட்ட ஒருவர் முதல் வரிசையில் நின்று குதித்துக் குதித்து ஆடினார். சட்டை கப்பல் கடையிலேயே வாங்கியது. ஆடியவர் துரைக்கண்ணு.

மூச்சு வாங்க மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் கரையே தெரியவில்லை. காற்றில் பறந்த முந்தானையை அடக்கக்கூடத் தோன்றாமல் நிர்மலா சிரித்த முகமாக இருந்தாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"நான் சொன்னது சரிதாண்டி. இது கல்யாண மண்டபமேதான்" என்றார். "அடுத்தவன் வீட்டுக் கல்யாணம்னா கேலி பண்றோம். நம்ம வீட்டுக் கல்யாணம்னா நாமளே எறங்கி ஆடறோம், அவ்ளோதான் விஷயம்."

"ஆங், இப்பவாவது ஒத்துகினீங்களே."

"மாப்ளைக்குத்தான் நன்றி சொல்லணும். பாவம், அரக்கோணத்துல தனியா மெஸ் சாப்பாடு சாப்ட்டுகினு, நம்மள இங்க ராஜா மாதிரி அனுப்பி வச்சிருக்காரு."

"மெஸ்ஸுல எங்க சாப்பிடறாரு? நேத்துல இருந்து நம்ம வீட்டுல மோனிகா சமைச்சித்தான் சாப்ட்டுகினு இருக்காரு."

துரைக்கண்ணு துள்ளி எழுந்தார். "இன்னாடி சொல்ற? ஆடி முடிய இன்னும் ரெண்டு வாரம் இருக்குதே! தலை ஆடியில புருஷன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கக் கூடாதுன்னுதான அவள நம்ம வீட்டுக்கு இட்டுகினு வந்தேன்? மாசம் முடியற வரைக்கும் போன்லதான் பேசணும், ஊர்ப் பக்கமே வரக் கூடாதுன்னு மாப்ளகிட்ட கண்டிஷனா சொன்னேனே!"

அவசரமாகக் கைபேசியை எடுத்தார். டவர் இல்லை.

நிர்மலா அவர் சட்டைக் காலரைச் சரி செய்தபடி சொன்னாள்: "நம்மள திருப்பதிக்கு அனுப்பறேன்னுதான் மாப்ள மொதல்ல சொன்னாரு. சந்தேகம் வந்தா அடுத்த பஸ்ஸப் புடிச்சி வந்து நிப்பீங்க, கப்பல்தான் சரின்னு நான்தாங்க சொன்னேன்."