பேர் தெரியாத முள்

வள்ளியாத்தாளின் குதிகாலில் முள் ஏறிப் பதினொரு நாளாயிற்று. திங்கட்கிழமை அறுத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அறுத்தால் ஒரு மாதம் களைவெட்டு இல்லை.

அதனால் ஆட்டையாம்பட்டியில் தையல் கடை வைத்து, முள்ளும் எடுத்துவிடும் வஹீதுன்னிசாவிடம் போனாள். முள்ளின் பேரைக் கேட்டுக்கொண்டுதான் அவள் காலில் ஊசியை வைப்பாள்.

“கருவேலமா, அக்கா? இலந்தையா? சூரையா?”

“தெரியலீங்க பாயம்மா. வெறும் மண்ணுலதான் நடந்தேன்.”

வஹீதுன்னிசா சிரித்தாள். “அப்ப நான் படிச்ச மிஷன் பள்ளிக்கூடத்துல சிஸ்டர் சொன்ன முள்ளுதான். ஆதாமுக்குச் சாபம் உட்டப்ப மண்ணுல மொளச்சுது. எபிரேயத்துல தர்தர்னு பேரு. வேர்வை சிந்திச் சோறு திங்கற பொழப்பும் அன்னைக்கு வந்ததுதானாம்.”

“அட சாமி, அது எங்காலத் தேடித்தான் வரோணுமாக்கும்?”

பேரைச் சொன்னதே போதும் என்பதுபோல், ஊசி படுமுன்பே முள் வெளியே வந்து விழுந்தது. விரல் நீளம் இருந்தது. ரத்தம் இல்லை, வலியும் இல்லை. வள்ளியாத்தாள் காலை ஓங்கி ஊன்றிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை மரவள்ளிக் காட்டில் எல்லோரையும்விட இரண்டு சால் முன்னால் வெட்டிக்கொண்டிருந்தாள். பங்குனி வெயில். மற்றவர்களின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. சோற்றுக்கு உட்காரும்போது பழக்கத்தில் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். துண்டில் ஈரமே இல்லை; காலையில் கட்டியபடியே மொடமொடவென்று இருந்தது.