ஓவர் என்றால்

"சரி, எதுக்கு உள்ள போனே?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் அதிகாரி கேட்டார். பக்கத்தில் அவருடைய மேலதிகாரி, ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஓர் அம்மாள். விசாரணை தொடங்கியதிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவன் மின்விசிறி பழுதுபார்ப்பவன். பொழுதுபோக்காக ரேடியோ அலையில் பேசுகிறவர்களுக்கான அமெச்சூர் ரேடியோ தேர்வில் தேறிவிட்டான். ஆனால் சிறைக்குப் போய்வந்தவனுக்கு உரிமம் தரலாமா கூடாதா என்பது இந்த விசாரணையில்தான் முடிவாகும்.

"ரேடியோ திருடினேங்க."

இளம் அதிகாரிக்குச் சிரிப்பு முட்டியது.

அவன் எதையும் மறைக்கவில்லை. அம்மா செத்துப்போன வருஷம் அது. வேலையும் போனது, கை நீண்டது. ஒரு மாடி அறையிலிருந்து, கேட்கவும் பேசவும் முடிகிற அந்த ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாத கிடங்குக்குள் புகுந்தான். விலைபோகுமா என்று பார்க்கத்தான் முடுக்கினான்.

"யார் அது?" என்றது ஒரு பெண்குரல்.

வேறொரு திருடனாக இருந்தால் அணைத்துவிட்டு ஓடியிருப்பான். இவன், பாவம், பொத்தானை அமுக்கி, "நான்தாங்க" என்றான்.

பொத்தானை அமுக்கியிருக்கும்வரை எதிர்முனை பேச முடியாது. அது அவனுக்குத் தெரியாது. தான் பேசும்போது ஒருவர் குறுக்கிடாமல் கேட்கிறாரே என்று நினைத்துக்கொண்டான். அம்மா கதை, பசிக் கதை எல்லாம் கொட்டினான். அந்த அலையைப் பிடித்துக்கொண்டே போலீஸ் தெருத்தெருவாக நெருங்கியது.

"தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க! உன்னை மாட்டிவிட்டதே அந்தப் பெட்டிதான். இன்னும் அதைக் கட்டிக்கிட்டு அழணுமாய்யா?"

அவன் தலை குனிந்தான்.

"விரல் வலிச்சுப் பொத்தானை விட்டப்ப, அந்தம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க சார். கேட்டுட்டு 'ஓவர்'னாங்க. பேச்சு முடிஞ்சுதுங்கிறாங்கன்னு அணைச்சுட்டேன். உள்ள இருந்து படிச்சப்பதான் தெரிஞ்சுது, 'நான் கேட்டாச்சு, இனி நீ சொல்லு'ன்னு அர்த்தமாம். பதிலே சொல்லாம வந்துட்டேன் சார். எந்த ஊரோ, யாரோ... என்னைக்காவது அலையில கிடைப்பாங்க."

"அப்படி என்னய்யா கேட்டாங்க?"

அவன் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும்.

"பயமா இருக்காப்பான்னு கேட்டேன்."

நாற்காலி பின்னால் சாய, அவன் எழுந்து நின்றான். பேசியது அந்த அம்மாள்.

"அன்னைக்கு அலைகளைக் கண்காணிக்கிற வேலை எனக்கு. போலீசுக்குச் சொன்னதும் நான்தான். அந்தக் கேள்வி மட்டும் வேலைக்காகக் கேட்டதில்ல."

அவன் அவரை நேராகப் பார்த்தான்.

"இருந்துச்சும்மா."

"எனக்கும்தான்" என்றபடியே அவர் உரிமத்தில் கையெழுத்துப் போட்டார்.